திறப்பு வீட்டுக்குள் கிடக்க வாகனம் போவது எப்படி?

வாகனத்தின் திறப்பு எங்கள் கையில் இருக்கும்வரை வாகனமும் எங்களுடையதுதான் என்பது பழைய நம்பிக்கை. இரவு படுக்கமுன் மோட்டார் சைக்கிளின் திறப்பைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்பவர்கள் நாங்கள். ஆனால் இன்று உலகின் பல நகரங்களில் திறப்பு வீட்டுக்குள்ளேயே கிடக்க, கதவு உடையாமல், கண்ணாடி நொறுங்காமல், ஓரிரு நிமிடங்களில் வாகனம் வாசலில் இருந்து காணாமற் போகின்றது. வீட்டுக்காரர் விடிந்து எழும்பிப் பார்க்கும்போது வெறும் நிலந்தான் இருக்கும்.

நாயாற்றுப் பக்கத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில் இந்தக் கதை வந்தது. கனடாவில் இருக்கும் மகனின் கார் களவு போய்விட்டது என்று ஒரு தாயார் சொன்னார். "திறப்பு மேசையிலதான் கிடந்தது பிள்ளை. பிறகெப்பிடிக் கொண்டு போனவங்கள்?" என்று கேட்டார். மகன் மாதாமாதம் அனுப்பும் காசு அந்த மாதம் வரவில்லை என்பதை அவர் சொல்லாமலே மற்றவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அங்கே ஒரு கார் போனால் இங்கே ஒரு வீட்டில் பிள்ளையின் ரியூசன் காசு தடைப்படுகின்றது.

கார் இல்லாத எங்களுக்கு இந்தச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எங்கள் பிள்ளைகளும் சகோதரர்களும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இத்தகைய வாகனங்களைத்தான் ஓடுகிறார்கள். இரண்டாவது, எங்கள் வீதிகளில் வாடகைக்கு ஓடும் ரொயோட்டா அக்குவா, பிறியஸ், சுசுகி வகன் ஆர், ஹொண்டா வெசெல் போன்ற வாகனங்கள் பலவும் திறப்பைச் செருகாமல் பொத்தானை அழுத்தி இயக்குபவை. அவற்றின் தவணைக் காசைக் கட்டும் குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. மூன்றாவது, இந்தக் களவை எப்படித் தடுப்பது என்று விளங்கிக்கொண்டால் ஸ்கூட்டிக்கும் முச்சக்கரவண்டிக்கும் படகு எஞ்சினுக்கும் அதே அறிவு உதவும்.

திறப்பும் வாகனமும் பேசிக்கொள்ளும் விதம்

முன்னைய வாகனங்களில் திறப்பு என்பது வெறும் இரும்புத் துண்டு. பல்லு சரியாகப் பொருந்தினால் பூட்டுத் திறக்கும். 1990களில் இருந்து திறப்பின் தலைப்பகுதிக்குள் சிறிய இலத்திரனியல் சில்லு ஒன்றை வைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சில்லைக் கண்டுகொண்டால்தான் எஞ்சின் இயங்கும். கள்ளத் திறப்பு வெட்டிக்கொண்டு வந்தாலும் வாகனம் அசையாது. கனடாவில் 2007 செப்ரெம்பர் முதல் புதிய வாகனங்களுக்கு இந்தத் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் திறப்பைத் தொடாமலே திறக்கும் வாகனம். ரிமோட் போன்ற அந்தத் திறப்பு கைப்பையில் கிடந்தாற் போதும். கதவின் கைபிடியைத் தொட்டதும் வாகனம் ஒரு மெல்லிய அலையை அனுப்பும். அந்த அலை ஒன்றிரண்டு மீற்றர் தூரந்தான் போகும். அதைக் கேட்ட திறப்பு ஓர் இரகசிய இலக்கத்தைப் பதிலாக அனுப்பும். இலக்கம் சரியாக இருந்தால் கதவு திறக்கும், பொத்தானை அழுத்தினால் எஞ்சினும் இயங்கும்.

இருட்டில் வாசலில் நிற்பவரிடம் "ஆரது?" என்று கேட்கிறோம். "நான்தான்" என்று பழகிய குரல் வந்தால் படலையைத் திறக்கிறோம். வாகனமும் அப்படித்தான் செய்கிறது. நாங்களாவது முகத்தையும் பார்ப்போம். வாகனமோ குரலை மட்டுமே நம்புகிறது. தன் மெல்லிய அலை திறப்புக்குக் கேட்டிருக்கிறதென்றால் திறப்பு பக்கத்திலேதான் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொள்கிறது. கள்வன் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

களவு நடப்பது இப்படித்தான்

பெரும்பாலும் இரண்டு பேர் வருவார்கள். இருவரிடமும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். ஒருவர் வாகனத்தின் அருகில் நிற்பார். மற்றவர் வீட்டின் முன்கதவையோ சுவரையோ ஒட்டி நிற்பார். வாகனம் கேட்கும் கேள்வியை முதற் பெட்டி பிடித்து இரண்டாவது பெட்டிக்கு அனுப்பும். இரண்டாவது பெட்டி அதைச் சுவருக்கு ஊடாக உள்ளே அனுப்பும். கதவடியில் ஆணியில் தொங்கும் திறப்பு, வாகனம் பக்கத்தில் நின்று கேட்கிறது என்று நினைத்துப் பதில் சொல்லும். அந்தப் பதில் வாகனத்துக்குப் போய்ச் சேரும். கதவு திறக்கும். எஞ்சின் இயங்கும்.

ஓடத் தொடங்கிய பிறகு திறப்பு தூரமாகிவிட்டாலும் எஞ்சின் நிற்பதில்லை. நடுவீதியில் வாகனம் திடீரென்று நின்றால் விபத்து நேருமென்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். பயணிகளின் பாதுகாப்புக்காகச் செய்த அந்த ஏற்பாடு கள்வனுக்கும் வாய்ப்பாகிவிட்டது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட குறையல்ல. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகை வாகனங்களை இந்த முறையில் சோதித்துப் பார்த்து, 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தும் திறந்தன, பத்தும் இயங்கின. இருந்தும் பல ஆண்டுகளாக அதே ஏற்பாட்டுடனேயே வாகனங்கள் விற்கப்பட்டன. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ற் மிட்லண்ட்ஸ் பொலிஸார், சொலிஹல் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் இருந்து கார் இவ்வாறு கொண்டுபோகப்படும் காட்சியை வெளியிட்டபோதுதான் சாதாரண மக்கள் பலருக்கு விடயம் தெரியவந்தது. அந்தக் களவுக்கு எடுத்த நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

கனடாவில் என்ன நடந்தது?

எங்கள் உறவுகள் செறிந்து வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகனக் களவு பெரும் பிரச்சினையாக வளர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 வாகனங்கள் நாடு முழுவதும் களவு போவதாகக் கனடிய அரசு கூறியது. 2024 பெப்ரவரி 8 அன்று ஒட்டாவாவில் இதற்கென்றே ஒரு தேசிய மாநாடு கூட்டப்பட்டது.

களவு போன வாகனங்கள் போகுமிடம் கொள்கலன்கள். ஒன்ராறியோவில் எடுத்த வாகனத்தைக் கொள்கலனுக்குள் ஏற்றி, வேறு பொருளின் பெயரைக் கடதாசியில் எழுதி, மொன்றியல் துறைமுகத்தினூடாக ஆபிரிக்காவுக்கும் மத்திய கிழக்குக்கும் அனுப்பிவிடுவார்கள். துறைமுகத்தில் சுமார் 390 கொள்கலன்களைச் சோதித்ததில் களவு போன 598 வாகனங்கள் மீட்கப்பட்டதாக 2024 ஏப்ரலில் பொலிஸார் அறிவித்தார்கள். ஆகவே இது தெருவோரப் பொடியன்களின் விளையாட்டல்ல. எடுப்பவர் ஒருவர், மறைத்து வைப்பவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று சங்கிலியாக நடக்கும் வியாபாரம்.

2024 மார்ச்சில் இன்னொரு செய்தி பரபரப்பானது. ரொறன்ரோவில் நடந்த பாதுகாப்புக் கூட்டமொன்றில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர், கள்வர்கள் திறப்புக்காக வீட்டுக்குள் புகுந்து ஆட்களைத் தாக்காமல் இருக்க, திறப்பை முன்கதவடியில் வைத்துவிடுங்கள் என்று சொன்னார். "கள்வனுக்கு நாங்களே எடுத்துக் கொடுப்பதா?" என்று மக்கள் கோபப்பட்டார்கள். அவருடைய யோசனை சரியோ பிழையோ, அதன் பின்னால் ஒரு உண்மை இருந்தது. மின்சார வித்தையால் எடுக்க முடியாதபோது சில கள்வர்கள் ஆயுதத்துடன் வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். உயிரா வாகனமா என்ற கேள்வி அந்த ஊரிலும் எழுந்துவிட்டது.

அரசும் பொலிஸாரும் துறைமுகச் சோதனையை இறுக்கிய பின்னர் 2024 இல் கனடாவில் வாகனக் களவு குறைந்தது. பிரித்தானிய அரசோ, இத்தகைய பெட்டிகளை வைத்திருப்பதையே 5 வருடம்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப் போவதாக 2025 இல் அறிவித்தது.

வேறு வழிகளிலும் வருவார்கள்

அலையைக் கடத்துவது ஒரு வழி மட்டுமே. மற்றவற்றையும் அறிந்திருப்பது நல்லது.

ரிமோட்டை அழுத்தி வாகனத்தைப் பூட்டும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் கள்வன் குழப்பும் அலையை அனுப்பினால் பூட்டு விழாது. நாங்கள் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவோம். பிறகு அவன் ஆறுதலாகக் கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடுப்பான்.

ஸ்ரியரிங் சக்கரத்தின் கீழே, கராஜ்காரர் கணினி பூட்டிப் பார்க்கும் துவாரம் ஒன்று இருக்கும். உள்ளே நுழைந்தவன் அதன் வழியாகப் புதிய திறப்பொன்றை வாகனத்துக்கு அறிமுகப்படுத்திவிடலாம்.

மூன்றாவது வழி இன்னும் புதியது. 2022 இல் லண்டனில் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருடைய ரொயோட்டா காரே களவு போனது. முன்விளக்கின் அருகே வயரை வெளியே இழுத்து, அதில் ஒரு கருவியை இணைத்து, "சரியான திறப்பு வந்துவிட்டது" என்று வாகனத்தின் உள்வலையமைப்புக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கருவி புளூடூத் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் மறைக்கப்பட்டு விற்கப்பட்டது. இந்த முறைக்கு வீட்டிலுள்ள திறப்பு தேவையே இல்லை. ஆகவே திறப்பை மட்டும் ஒளித்து வைத்தாற் போதாது, வாகனத்தையும் கட்டிவைக்க வேண்டும்.

செலவில்லாத, செலவு குறைந்த வழிகள்

1. திறப்பைத் தகர ரின்னுக்குள் வையுங்கள். மூடி இறுக்கமான பிஸ்கட் ரின் ஒன்றே போதும். உலோகத்தால் முழுதாக மூடிய இடத்தை மின்னலை இலகுவில் தாண்டாது. வெளியிலுள்ள மின்சாரத்தின் தாக்கம் அத்தகைய இடத்துக்குள் போகாது என்பதை மைக்கேல் பரடே 1836 இல் செய்து காட்டினார். கடைகளில் விற்கும் விசேட பைகளும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

2. ரின்னைச் சோதித்துப் பாருங்கள். திறப்பை உள்ளே வைத்து மூடி, ரின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வாகனத்தின் கதவடியில் நின்று கைபிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த ரின் உதவாது. வேறொன்றைத் தேடுங்கள். கடையில் வாங்கிய பையையும் இடைக்கிடை இப்படிச் சோதிக்க வேண்டும். உள்ளிருக்கும் உலோக இழை தேய்ந்தால் பை வெறும் துணிதான்.

3. மேலதிகத் திறப்பை மறக்காதீர்கள். அலுமாரிக்குள் கிடக்கும் இரண்டாவது திறப்பும் இரவு பகலாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதையும் ரின்னுக்குள் வையுங்கள். பாவிக்காமலே கிடப்பதானால் அதன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள்.

4. கதவடி ஆணியில் திறப்பைத் தொங்கவிடாதீர்கள். ஆனால் உள்ளறையில் வைத்தோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். போருக்குப் பின் வன்னியில் இந்திய உதவியில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி. அப்படியான வீட்டில் எந்த மூலையும் வெளிச்சுவருக்குக் கிட்டத்தான். தூரத்தை விட ரின்தான் நம்பிக்கையானது.

5. குளிர்சாதனப் பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். குளிரும் ஈரமும் திறப்பைப் பழுதாக்கும். தெரியாமல் அடுப்பைப் போட்டுவிட்டால் திறப்பும் போய்விடும், அடுப்பும் போய்விடும்.

6. ஸ்ரியரிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடுங்கள். அமெரிக்காவில் சில்லுத் தடுப்பு இல்லாத கியா, ஹையுண்டாய் கார்கள் 2022 இல் பெருந்தொகையாகக் களவு போனபோது, அந்த நிறுவனங்களே பொலிஸ் நிலையங்கள் ஊடாக இரும்புப் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்தன. எந்த மின்னலையாலும் இரும்பை அறுக்க முடியாது. அறுக்க வாள் வேண்டும், நேரம் வேண்டும், சத்தமும் கேட்கும். இந்த மூன்றையும் கள்வன் விரும்புவதில்லை.

7. பூட்டியபின் கைபிடியை ஒருதரம் இழுத்துப் பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற சனநெரிசலில் வாகனத்தை விடும்போது இதை மறக்கவே கூடாது. ரிமோட்டை அழுத்திய சத்தத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள்.

8. "ஒரு நிமிசந்தான்" என்று எஞ்சினை ஓடவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். திறப்பு உங்கள் கைப்பையில் இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை எவரும் ஓட்டிக்கொண்டு போகலாம். உள்ளே பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம்.

9. பாவித்த வாகனம் வாங்கும்போது எத்தனை திறப்பு என்று கேளுங்கள். இரண்டாவது திறப்பு தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், கையில் இல்லாத திறப்பை வாகனத்தின் நினைவில் இருந்து அழித்துத் தரும்படி நம்பிக்கையான கராஜில் கேட்கலாம்.

10. சில வாகனங்களில் திறப்பு தானாகப் பதில் சொல்வதை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. சில புதிய திறப்புகள் அசையாமல் கிடந்தால் தாமாகவே உறங்கிவிடும். இன்னும் சில, பதில் வர எடுக்கும் நேரத்தை அளந்து திறப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும். வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

எங்கள் முற்றத்தில்

செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று நீளும் இந்தக் கரையோரப் பாதையில் ஒரு ஸ்கூட்டி என்பது சொகுசு அல்ல. பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுவதும், கருவாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், அம்மாவை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவதும் அதில்தான். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு அது இரண்டாவது சோடிக் கால்.

ஒரு தொழிற்சாமான் போனால் என்ன நடக்கும் என்பதை நாயாற்றுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2018 ஒகஸ்ட் 13 இரவு இங்கே தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீவைத்து எரிக்கப்பட்டன. அந்த இரவோடு எரிந்தது தகரமும் நைலோனும் மட்டுமல்ல. கடனுக்கு வாங்கியவர்களின் அடுத்த பல மாத உழைப்பும் அதோடு எரிந்தது.

ஸ்கூட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஹான்டில் பூட்டு மட்டும் போதாது. பலமான ஆள் ஒருவன் முறுக்கினால் அது உடையும். சில்லுக்கு ஊடாகச் சங்கிலி போட்டு, தூணோடோ மரத்தோடோ சேர்த்து ஆமைப்பூட்டுப் போடுங்கள். சில்லை மட்டும் பூட்டினால் இருவர் தூக்கி லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு போகலாம். மரத்தை ஏற்ற முடியாது.

எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும் சிறிய சுவிச் ஒன்றை மறைவான இடத்தில் பொருத்தித் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். முச்சக்கரவண்டிக்கும் இது பொருந்தும். சுவிச் இருக்குமிடம் வீட்டாருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மலிவு விலை ரிமோட் அலாரங்களை மட்டும் நம்பவேண்டாம். அவற்றுட் சில எப்போதும் ஒரே இலக்கத்தைத்தான் அனுப்புகின்றன. அதை ஒருமுறை பிடித்துவைத்தவன் மறுமுறை தானே அனுப்பித் திறந்துவிடுவான். திறப்பில்லாத ஸ்கூட்டர்களும் வரத் தொடங்கிவிட்டன. இந்தியாவில் ஹொண்டா நிறுவனம் 2023 இல் அக்டிவா ஸ்கூட்டரைத் தொடுகையில்லாத திறப்புடன் வெளியிட்டது. நாளை அது எங்கள் முற்றத்துக்கும் வரும். அப்போதும் ரின்னும் சங்கிலியும் உதவும்.

படகு எஞ்சினைக் கரையில் விடுபவர்கள் அதன் தொடரிலக்கத்தைக் குறித்து, கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். எஞ்சினின் உட்புறத்தில் எளிதில் அழியாதபடி உங்கள் அடையாளத்தைப் பொறித்துவையுங்கள். அடையாளம் உள்ள பொருளை விற்பது கடினம், விற்க முடியாத பொருளைக் கள்வன் தேடமாட்டான்.

பூட்டை விடப் பெரிய பூட்டு, பத்திரம்

2009 இல் முள்ளிவாய்க்கால் வரை உருட்டிச் சென்ற சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பின்னர், இது என்னுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்றவர்கள் எம்மில் எத்தனை பேர்! அந்த அனுபவம் எங்களுக்கு ஒரு பாடம்.

இன்றும் பலர் வாகனத்தை வாங்கி, பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட திறந்த பத்திரத்தோடு வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். பெயர் மாற்றக் காசு செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் வாகனம் களவு போனால் பொலிஸிலும் காப்புறுதியிலும் முதலில் கேட்பது யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைத்தான். நீங்கள் உழைத்து வாங்கிய வாகனம் உங்கள் பெயரில் இருக்கட்டும். அண்ணன் பெயரிலோ மச்சான் பெயரிலோ இருந்தால், பிரச்சினை வரும்போது உங்கள் கையில் உழைப்பு மட்டுமே மிஞ்சும்.

காப்புறுதியிலும் கவனம் வேண்டும். வீதியில் ஓட்டச் சட்டப்படி கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி, நாங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது. எங்கள் வாகனம் களவு போனால் அது ஒரு சதமும் தராது. களவுக்கு இழப்பீடு வேண்டுமானால் முழுக் காப்புறுதி வேண்டும். அதிலும் களவு உட்பட்டதா என்று வாசித்துக் கேட்டுக் கையெழுத்திடுங்கள். லீசிங்கில் எடுத்த வாகனம் போனாலும் தவணை நிற்பதில்லை. கையெழுத்து வைத்தவரிடமும் பிணை நின்றவரிடமும் நிதி நிறுவனம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பிணையாளி பெரும்பாலும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே இருப்பாள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை எல்லோரும் கண்டோம். அன்று வாங்கிய விலைக்கு இன்று இன்னொன்று வாங்க முடியாது. அதனால் இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

களவு போய்விட்டால்

முதலில், துரத்தாதீர்கள். இரவில் முற்றத்தில் சத்தம் கேட்டால் தனியே கதவைத் திறந்து போகாதீர்கள். வீட்டுக்குள் இருந்தபடி விளக்கைப் போடுங்கள், சத்தமிடுங்கள், பக்கத்து வீட்டாரைத் தொலைபேசியில் எழுப்புங்கள், 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள். திறப்பைக் கேட்டு ஆயுதத்துடன் நிற்பவனுடன் மல்லுக்கட்டாதீர்கள். கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் மாதர் சங்கத் தலைவியையோ கிராம அலுவலரையோ துணைக்கு அழைக்கலாம். இலக்கத் தகடு, எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், நிறம், கீறல், ஒட்டிய படம் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே நாளில் காப்புறுதி நிறுவனத்துக்கும், லீசிங் என்றால் நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயாற் சொன்னது காற்றோடு போகும்.

இன்றிரவே செய்யலாம்

இதை வாசித்து முடித்ததும் மூன்று வேலைகள் செய்யுங்கள். வாகனத்தின் பதிவுப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஒரு சங்கிலியும் ஆமைப்பூட்டும் வாங்கக் காசு ஒதுக்குங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் கதைக்கும்போது, காரின் திறப்பை எங்கே வைக்கிறாய் என்று கேட்டு, பிஸ்கட் ரின்னின் கதையையும் சொல்லுங்கள். பிள்ளை சிரிக்கக்கூடும். சிரித்தாலும் பரவாயில்லை, ரின்னுக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லு என்று கேளுங்கள்.